வாசேமதா மேடமும் பத்துக் கால் ஆக்டோபஸும்

வாசேமதா மேடம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. ரொட்டியைச் சுருட்டிக் கத்தரிக்காய்க் கறியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சே வரும். அதுவும் உப்பு குறைவு என்றுதான் வரும். என் மனைவியைச் சந்தையில் பார்த்தால் அதை அவளிடமே சொல்வார். இது என்ன நியாயம் என்று கேட்டால், நாம் இரண்டு பேரும் தௌவு, உன் டப்பா என் டப்பா என்பார்.

தௌவு என்பது எங்கள் ஃபீஜியில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள உறவு. இரண்டு ஊருக்கும் ஆதியில் மூதாதை ஒருவர்தான் என்று ஒரு கதை இருந்துவிட்டால் போதும். இந்த ஊர்க்காரன் அந்த ஊர்க்காரனை வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம், அவன் தட்டில் கை வைக்கலாம், சட்டை பிடித்திருந்தால் கழற்றி வாங்கிக்கொண்டும் போகலாம். பதிலுக்கு அவனும் செய்வான். கோபப்படுகிறவனுக்குத்தான் அவமானம்.

என் கொள்ளுத்தாத்தா வடஆற்காட்டிலிருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறி வந்தவர். அவருக்கும் மேடத்தின் மலைநாட்டு ஊருக்கும் எந்த மூதாதை பொது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உன் கொள்ளுத்தாத்தா கப்பல் பூரா வாந்தி எடுத்துட்டே வந்தாரு பாலா. எறங்கினதும் மொதல்ல தண்ணி குடுத்தது எங்க ஆளுதான். அந்தத் தண்ணி இன்னும் உன் ஒடம்புல ஓடுது. ரொட்டியக் குடு."

சரித்திர ஆசிரியை சொல்கிறார், கணக்கு வாத்தியார் நான் என்ன மறுப்பது. டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

அவர் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தீவில் இருப்பது இரண்டே பெரிய ஊர்கள், வுனிந்திலோவும் நந்துருவும். இரண்டும் ஒன்றுக்கொன்று தௌவு. சந்தையில் சந்தித்தால் கேலி பறக்கும். மேடமோ வுனிந்திலோவுக்கு மருமகளாக வந்தவர், அவர் பிறந்த ஊருக்கு இங்கே தௌவு யாரும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு மருமகள், இந்த ஊர்க்காரர்களுக்கு ஆசிரியை. எங்கே போனாலும் பாயில் நல்ல இடத்தில் உட்காரவைத்து மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதை அவருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. பெரிய உடம்பு, பூப்போட்ட நீள உடுப்பு, கையில் எப்போதும் ஓலை விசிறி, படகுத்துறைவரை கேட்கும் குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு யாரையும் வம்புக்கு இழுக்க முடியாமல் தவித்தவருக்கு நான் கிடைத்தேன்.

அவரை உண்மையிலேயே வாட்டியது வகுப்பில் நிலவிய மௌனம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் வாயாடிகள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் கூரைத் தகரம்தான் பதில் சொல்லும். பெரியவர் முன்னால் தலை குனிந்து இருப்பது மரியாதை. தலைவர் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், அவன் வாய் திறந்த பிறகு அந்த விஷயத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். வுனிந்திலோத் தலைவரின் பேரன், ராத்து எபெலி. நல்ல பையன், கொஞ்சம் சோம்பேறி. தன்னை ராத்து என்று தலைவர் பட்டம் சொல்லி எல்லோரும் கூப்பிடுவது அவனுக்கே கூச்சம்.

அந்தக் காலத்தில்தான் ஓர் உதவி நிறுவனம் எங்கள் பள்ளிக்குக் கணினிகளும், இணையத்துக்காகக் கூரையில் ஒரு டிஷ்ஷும் கொடுத்தது. மேடம் தலைநகர் சுவாவுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் வராததுமாக விக்கி என்றார். ஒரே பக்கத்தை எல்லோரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். வாய் திறக்காத பிள்ளை விரலைத் திறக்கும் என்று அவருக்கு ஒரே நம்பிக்கை. 'எங்கள் கடல்' என்று தலைப்புக் கொடுத்து, வுனிந்திலோப் பிள்ளைகளை ஓர் அணியாகவும் நந்துருப் பிள்ளைகளை இன்னோர் அணியாகவும் பிரித்து எழுதச் சொன்னார்.

எழுதினார்கள். கடல் நீலமாக இருக்கும் என்று ஒரு பிள்ளை எழுதியது. அடுத்த பிள்ளை அதைத் தொடாமல் கீழே கடல் நீலமாக இருக்கும் என்று எழுதியது. வகுப்பு முழுவதும் இப்படியே எழுதியதில் பக்கம் நீலமாக நீண்டுகொண்டே போனது. அடுத்தவர் எழுதியதில் கை வைப்பது அவர் தலையில் கை வைக்கிற மாதிரி. யாருமே வைக்கவில்லை.

இதற்கு நடுவில் ராத்து எபெலி, ஆக்டோபஸுக்குப் பத்துக் கால் என்று எழுதிவிட்டான். இணையத்தில் ஏதோ கணவாய் மீன் படத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறான். அந்த வகுப்பில் ஆக்டோபஸைப் பாறையிடுக்கிலிருந்து இழுத்து வந்து அடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தின்னாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இருந்தாலும் பத்துக் கால் பத்துக் காலாகவே நின்றது. அடுத்து எழுதிய பிள்ளை, அந்தப் பத்துக் காலாலும் அது வேகமாக நீந்தும் என்று சேர்த்துவிட்டுப் போனது. கணக்கு வாத்தியாருக்கு இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? நானே மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

மேடம் விசிறியால் என் கையில் ஒன்று போட்டார். நான் மாற்றினால் அது வாத்தியார் திருத்தியது, பிள்ளைகள் அதற்கும் தலை குனிவார்கள், பிள்ளைதான் மாற்ற வேண்டும் என்றார். பிறகு வழக்கம்போல என் டப்பாவில் கை விட்டு ரொட்டியை எடுத்தார். எடுத்தவர் வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"கேக்காமலே கை வைக்கிற உரிமை யாருக்கு இருக்கு பாலா?" என்றார்.

சாப்பாடு முடிவதற்குள் அணிகளை மாற்றிவிட்டார். வுனிந்திலோக்காரர்கள் எழுதிய பக்கத்தைத் திருத்துவது நந்துருவின் வேலை, நந்துரு எழுதியதைத் திருத்துவது வுனிந்திலோவின் வேலை. வகுப்புக்குப் போய் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லையாம். இதில் அவர்களுக்கு விளக்க ஒன்றுமில்லை.

மறுநாள் ஆக்டோபஸ் பக்கத்தில் இப்படி இருந்தது: 'வுனிந்திலோக்காரர்கள் எண்ணக் கற்றுக்கொள்கிறவரை ஆக்டோபஸுக்கு எட்டுக் கால்தான். மீதி இரண்டும் ராத்துவினுடையவை, பிடிக்கப் போனவர் வழுக்கி விழுந்து கிடந்தார்.'

எழுதியது யார் என்று வரலாற்றைத் திறந்து பார்த்தோம். கெலேரா. நந்துருவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பெண். மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருந்தது, அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்குவாள்.

அதற்குப் பிறகு இரண்டு அணியும் வெளுத்து வாங்கினார்கள். நந்துருக்காரர்கள் மீன் பிடிப்பது டின்னிலிருந்துதான் என்று வுனிந்திலோ எழுதியது. அந்த டின்னைத் திறக்கத் தெரியாமல் வுனிந்திலோக்காரர்கள் கல்லால் உடைக்கிறார்கள் என்று நந்துரு எழுதியது. ஆனால் வெறும் வசவு நிற்காது, அடுத்தவன் உடனே தூக்கிவிடுவான். வசவு நிற்க வேண்டுமென்றால் அதற்குள் ஓர் உண்மை இருக்க வேண்டும். ஆகவே மூக்குடைபட்ட ராத்து எபெலி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மாமன்களிடம் போய் உட்கார்ந்து கேட்டான். ஆக்டோபஸ் தின்று போட்ட சிப்பி ஓடுகள் வாசலில் குவிந்திருப்பதை வைத்து அதன் பொந்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பெரிய பத்தி எழுதிவிட்டு, நந்துருக்காரர்கள் அந்தக் குவியலைப் பார்த்துத் தங்கள் வீடு என்று நினைத்து உள்ளே போய்விடுவார்கள் என்று முடித்திருந்தான். கெலேரா அதைத் திருத்த, அவன் அதைத் திருத்த, பக்கம் வளர்ந்துகொண்டே போனது. நான் கணக்குத் தாள் திருத்துவதை விட்டுவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தேன். மேடம் என் தோளுக்கு மேலே குனிந்து படித்துவிட்டு விசிறியால் என் முதுகில் அடித்து அடித்துச் சிரிப்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு உதவி நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. டங்கன் என்ற அதிகாரி சுவாவில் உட்கார்ந்தபடி எங்கள் விக்கியைப் படித்திருக்கிறார். மாணவர்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது கவலை தருகிறது, நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதப்போகிறேன், அதன்பேரில் டிஷ்ஷையும் கணினிகளையும் வேறு பள்ளிக்கு மாற்றவேண்டி வரலாம் என்று மிகவும் கண்ணியமாக எழுதியிருந்தார். எங்கள் முதல்வர் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றார். அழித்தாலும் வரலாற்றில் இருக்கும் சார் என்று சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று மதியம் மேடம் என் டப்பாவைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

டங்கன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தொப்பி இல்லாமல் வந்து இறங்கி, மூக்கு சிவந்துபோய், எல்லோரிடமும் கைகுலுக்கினார். மேடம் அவரை உட்காரவைத்துத் தௌவு என்றால் என்ன என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பண்பாட்டுப் பின்னணி புரிகிறது, ஆனால் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணை நாள்தோறும் ஒரு தலைவர் வீட்டுப் பையன் எழுத்தில் வதைக்கிறான், இதை நான் எப்படி விட முடியும் என்றார். அவர் சொன்னதிலும் அக்கறை இருந்தது. அதுதான் வம்பு.

மாலையில் பள்ளி மண்டபத்தில் பாய் விரித்து, வந்தவருக்கு முறைப்படி யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வரவேற்பு. டங்கனுக்கு எந்த ஊர் என்று மேடம் விசாரித்தார். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ப்ளஃப் என்று ஓர் ஊர், சிப்பிக்குப் பேர்போனது என்றார். மேடத்தின் விசிறி நின்றது. எனக்கு அந்த நிறுத்தம் தெரியும், என் டப்பாவின் மேல் கை வைப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்கும்.

எழுந்து நின்று, நல்ல கணீர்க் குரலில், நந்துரு மூதாதை ஒருவர் சிப்பி பொறுக்கத் தெற்கே போனவர் திரும்பி வரவே இல்லை என்று ஆரம்பித்தார். இப்படி ஒரு மூதாதையை நந்துருக்காரர்களே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். சிப்பி கிடைத்த இடத்தில் அவர் தங்கிவிட்டார், அந்த இடம் எது என்று இத்தனை காலமும் நமக்குத் தெரியாமல் இருந்தது, இன்று அவர் பேரன் மூக்கு வெந்து நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். டங்கன் நெகிழ்ந்துபோய்க் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். தான் என்னவாக ஆக்கப்பட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது.

என்ன மேடம் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று காதோடு கேட்டேன்.

"வெளக்கிச் சொன்னேன், எழுதிக்கிட்டாரு. சிலத அனுபவிச்சாத்தான் தெரியும், உன்ன மாதிரி" என்றார்.

டங்கன் நேர்மையானவர். தன் அறிக்கையின் வரைவை எங்கள் விக்கியிலேயே ஒரு பக்கமாகப் போட்டு, மாணவர்கள் கருத்து இருந்தால் அடியில் எழுதலாம் என்று குறித்துவிட்டு விருந்துக்குப் போனார். மாலைப் படிப்பு நேரத்தில் விடுதிப் பிள்ளைகள் கணினி அறையில் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்களாம். முதல்வர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளைகள் என்று போய்விட்டார்.

காலையில் எல்லோரையும் கணினி அறைக்குக் கூட்டி, தன் வரைவைச் சுவரில் பெரிதாக விழும்படி திறந்து, டங்கன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். இரவோடு இரவாக அது மாறியிருப்பது அவருக்குத் தெரியாது.

"இப்பள்ளி மாணவர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் இழிவுபடுத்துகிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள்" என்று படித்தார். ஒரு கணம் தயங்கிவிட்டு மேலே போனார். தீவின் முக்கிய உணவு மரவள்ளி என்று அவர் எழுதியிருந்த இடத்தில், மதியம் இதை எழுதியவருக்கு வைத்தது தாலோக் கிழங்கு, திரும்பத் திரும்ப வாங்கித் தின்றுவிட்டு அது என்னவென்றே தெரியாமல் எழுந்து போனார், சிப்பி தின்னும் ஊர்க்காரர்கள் எதையும் மெல்லாமல் விழுங்குவதுதான் காரணம் என்று இருந்தது. இதையும் பாதிவரை படித்துவிட்டார். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. டங்கனின் காதும் மூக்கோடு சேர்ந்து சிவந்தது. ஆனால் படிப்பதை அவர் நிறுத்தவில்லை, மூன்றாம் பத்திக்குப் போனார். அது கெலேராவைப் பற்றியது. தொடர்ந்த வசவுகளால் அஞ்சி மௌனமாகிவிட்ட மாணவி என்று அவர் எழுதியிருந்தார். அதை அழித்துவிட்டு எழுதப்பட்டிருந்தது இது.

'கெலேரா அஞ்சி மௌனமாகவில்லை. முதலில் வைதது அவள்தான், வரலாற்றைப் பார்க்கவும். ராத்து பேசினால் நான் தலை குனிய வேண்டும். அது எங்கள் முறை, எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆக்டோபஸுக்குப் பத்துக் கால் என்று ராத்து சொன்னபோதும் நான் தலை குனிந்துதான் இருந்தேன். தப்பு என்று நான் சொன்ன ஒரே இடம் இந்த விக்கி. நீங்கள் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனால் ஆக்டோபஸுக்கு மறுபடியும் இரண்டு கால் முளைக்கும்.'

இதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சுவரில் படித்தோம். கெலேரா யார் என்று டங்கன் கேட்டார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்திருந்த ஒரு தலையைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். முதல்வர் எழுந்து, மன்னிப்புக் கேள் என்று அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் அசையவில்லை. மேடமும் தன் இடத்தைவிட்டு எழவில்லை, விசிறி மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தௌவிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்டால் அது தௌவே இல்லை.

டங்கன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் திருப்பினார். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். கெலேரா எழுதிய பத்தியை அழிக்கப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அதன் அடியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், சுவரில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

'நந்துருக்காரர்களுக்கு விரல் மட்டும்தான் இருக்கிறது, வாய் கிடையாது. பாவம், அவர்களுக்கு வாய் முளைக்கிறவரை டிஷ் இங்கேயே இருக்கட்டும்.'

முதலில் சிரித்தவன் ராத்து எபெலி. வுனிந்திலோப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள், நந்துருப் பிள்ளைகளும் தட்டினார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. கெலேரா எழுந்து நின்றிருந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"அது தப்பு, சார்" என்றாள்.

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"ஏய், உக்காரு. வாய் இருக்குன்னு தெரிஞ்சா டிஷ்ஷக் கழட்டிருவாரு" என்றான் ராத்து எபெலி. டங்கன் வாய்விட்டுச் சிரித்தார். அது எங்கும் போகாது என்று கையை ஆட்டினார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். விசிறி மடியில் கிடந்தது. படகுத்துறைவரை கேட்கிற குரலுக்குச் சொந்தக்காரர், இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். கண்ணிலிருந்து வழிவதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"கேக்கல கெலேரா" என்றார் கடைசியில். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவ சொல்லு."

கெலேரா சத்தமாகச் சொன்னாள்.